மாட்டுக்கு அனுப்பும் பணத்தில் புல்லுக்கும் ஒரு பங்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரில் கறவை மாடு வாங்கிக் கொடுக்க இங்கே சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பும் நம் ஆட்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள் பலர், ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடைந்ததும் வீட்டுக்கு ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு வாங்கச் சொல்லிப் பணம் அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாட்டுக்கென்று அவ்வளவு பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர்கள், அந்த மாடு நாளைக்கு என்ன தின்னும் என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) உட்கார்ந்து, "பன்னிரண்டு லிட்டர் கறக்கும்னு சொல்லித்தாண்ணே வித்தான், இப்ப ஆறு லிட்டர்கூட தேறல" என்று புலம்பல். பக்கத்தில் இருப்பவர் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு பொடி விளம்பரத்தைக் காட்டுவார். இன்னொருவர் புண்ணாக்கைக் கூட்டிப் போடச் சொல்வார். அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி அதற்குப் போகும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். இந்தத் தீவில் மாட்டுக்கொட்டகைகள் இருந்த காலத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றியவர் என் அப்பா. இப்போது அத்தான் ஜோகூரில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தின் ஓரத்தில் கலப்பின மாடுகள் வைத்திருக்கிறார். விடுமுறை கிடைத்தால் நான் அங்கேதான் போய் நிற்பேன். மலேசியாவில் அப்படி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் சாகிவாலும் ஃபிரீசியனும் கலந்த மாடுகள், தமிழ்நாட்டின் சமவெளியில் பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பு. இனம் வேறானாலும் தொல்லை ஒன்றுதான், குளிர் நாட்டு மாட்டின் பால் மடியை வெயில் நாட்டுப் புல்லின் மேல் வைத்துவிட்டோம்.

அந்தப் புல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் புல் வேகமாக வளரும், பார்ப்பதற்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும், மழை விட்ட நான்காவது வாரம் ஆள் இடுப்பு உயரம் வந்துவிடும். பார்ப்பவர் எல்லாம் "அடேயப்பா, இவ்வளவு புல் இருக்கே, மாட்டுக்கு என்ன குறை" என்பார்கள். குறை அங்கேதான். வெயிலில் வேகமாக வளரும் புல் அதே வேகத்தில் தண்டு விட்டு முற்றிவிடும். குளிர் நாட்டுப் புல்லோடு ஒப்பிட்டால் வெப்பமண்டலப் புல்லின் செரிமானத் தன்மை சராசரியாக 13 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1970-லேயே கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். வயிறு நிறையும், சத்து ஏறாது. இன்னொன்று, புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கே சாப்பாடு போதாது, அவை நாரை உடைப்பது மெதுவாகும், உள்ளே போனது நகராது, மாடு அடுத்த வாய் புல் தின்னாது. முற்றிய புல்லும் வைக்கோலும் இந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும்.

மேயும் மாட்டைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அத்தான் வீட்டு மாடு ஒன்று, உயரமான புல்லுக்குள் இறங்கினால் நாக்கை நீட்டி மேலே இருக்கும் இலையை மட்டும் சுற்றி இழுக்கும், தண்டை மூக்கால் தள்ளிவிடும், இரண்டு அடி நடக்கும், மறுபடி தேடும். ஒவ்வொரு கடிக்கும் வாயில் வருவது நாலு இலை. 1970-களில் குயின்ஸ்லாந்தில் ஸ்டாப்ஸ் என்ற ஆய்வாளர் இதையே உட்கார்ந்து எண்ணினார். ஒரு மாடு ஒரு நாளைக்கு 36,000 கடிக்கு மேல் போவது அரிது என்பது அவர் கண்டது. அதற்குமேல் அதற்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அதனால் ஒரு கடியில் எவ்வளவு இலை வருகிறது என்பதுதான் கணக்கே தவிர, வயலில் எவ்வளவு புல் நிற்கிறது என்பது இல்லை. நன்றாகப் பராமரித்த மேய்ச்சல் நிலத்தில் வேறு ஒன்றும் கொடுக்காமல் மேய விட்டால் ஒரு கலப்பின மாடு நாளுக்கு 6 முதல் 8 லிட்டர் கறக்கும். அதற்கு மேலே போக வேண்டுமானால் வெளியிலிருந்து ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதை, எப்போது, எவ்வளவு என்பதில்தான் நம் ஆட்கள் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் கணக்கு ஒன்று உண்டு. மாட்டின் உடம்புக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது), அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. தவறான கணக்கு இல்லை, ஆரம்பிக்க வசதியான கணக்கு. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, ஒரு கிலோ கூட்டிப் போட்டால் இரண்டரை லிட்டர் கூடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள், அது நடக்காது. காகிதத்தில் பார்த்தால் ஒரு கிலோ தீவனத்தில் இருக்கும் எரிசக்தி இரண்டு லிட்டர் பாலுக்குப் போதும்தான். மடியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் கூடும். ஏன்? வாளியில் தீவனம் கிடைத்த மாடு அந்த அளவுக்குப் புல் மேய்வதைக் குறைத்துக்கொள்ளும். மீதியில் கொஞ்சம், மெலிந்து கிடக்கும் அதன் உடம்பில் ஏறும். உடம்பில் ஏறுவது வீண் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நல்ல இளம் புல் நிறையக் கிடைக்கும் மழைக்காலத்தில் புண்ணாக்கைக் கூட்டுவது, காசு கொடுத்து மாட்டைப் புல் தின்னாமல் தடுப்பதற்குச் சமம்.

புல் காய்ந்து முற்றிய காலத்தில் நிலைமை தலைகீழ். அப்போது கொஞ்சம் புரதம் கொடுத்தால், ஒரு கிலோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ கடலைப் புண்ணாக்கோ போதும், வயிற்று நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி அந்தக் காய்ந்த புல்லையே மாடு கூடுதலாகத் தின்னும். ஆக, அதே ஒரு கிலோ ஒரு பருவத்தில் புல்லுக்குப் போட்டி, இன்னொரு பருவத்தில் புல்லுக்குத் துணை. வருடம் முழுக்க ஒரே அளவு போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாணியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கெட்டியாக அடுக்கடுக்காக விழுந்தால் புரதம் பற்றவில்லை. தண்ணீராக, நுரையோடு, உடையாத தானியத்தோடு விழுந்தால் மாவு தீவனம் அதிகம்.

மாவு அதிகமானால் வயிறு புளிக்கும். நம் பெண்கள் வடித்த சோற்றையும் அரிசிக் கஞ்சியையும் பாசத்தில் வாளி நிறைய ஊற்றுவார்கள், பொங்கல், கல்யாணம் என்றால் மிச்சம் எல்லாம் மாட்டுக்குத்தான். ஒரே நேரத்தில் அதைத் தின்ற மாடு மறுநாள் அசைபோடாமல் நிற்கும், சில மாடு படுத்தால் எழுந்திருக்காது. எந்த அடர்தீவனமானாலும் ஒரு வேளைக்கு இரண்டரை, மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம், மீதியை அடுத்த கறவைக்குக் கொடுங்கள். கொழுப்பு பார்த்துப் பணம் கொடுக்கும் சங்கத்தில் பால் ஊற்றுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நார் குறைந்து மாவு கூடினால் பாலில் கொழுப்பு விழும், லிட்டர் கூடியும் கையில் வரும் காசு கூடியிருக்காது.

வீட்டிலேயே கலந்துகொள்ள வசதி இருப்பவர்கள் மக்காச்சோளம் 40 பங்கு, புண்ணாக்கு 30, தவிடு 27, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்று வைத்துக்கொண்டால் போதும், பெரிய வித்தை எதுவும் இல்லை. கையில் எது மலிவோ அதற்கேற்ப ஐந்து பங்கு முன்னே பின்னே மாற்றலாம். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஒரே நாளில் பாலில் இறங்கிவிடும், அந்தப் பாலைக் குடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

அத்தான் பக்கத்தில் கடலைப் புண்ணாக்கு எல்லாம் கட்டுப்படியாகாது. அங்கே செம்பனைக் கொட்டைப் புண்ணாக்குதான் ராஜா. எண்ணெய் ஆலைகள் சுற்றிலும் இருப்பதால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், புரதம் 15, 16 சதவீதம் இருக்கும், நார் நிறைய என்பதால் சோளம்போல வயிற்றைச் சட்டென்று புளிக்க வைக்காது. குறையும் உண்டு. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் மணல் மாதிரி நறநறவென்று ஓட்டுத் துணுக்குகள் தெரியும், வாசனையும் மாட்டுக்குப் பிடிக்காது. புதிதாக வந்த மாடு முதல் நாள் மூக்கை வாளிக்குள் விட்டு ஒரு ஊது ஊதிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அத்தான் அதன்மேல் கொஞ்சம் கரும்பு ஆலையில் மிஞ்சும் பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பார், பக்கத்து மாட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் பழகிவிடும். (ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் தாமிரம் அதிகம், செம்மறி ஆட்டுக்கு இதையே தொடர்ந்து கொடுத்தால் ஈரல் கெட்டுச் செத்துப்போகும். மாட்டுக்கு அந்தப் பயம் இல்லை.) தௌஹூ (சோயாக் கட்டி) செய்யும் இடத்தில் மிஞ்சும் சோயாச் சக்கை, பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கை இவையும் நல்ல தீவனம். ஆனால் முக்கால்வாசி தண்ணீர், இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அதனால் லாரி வாடகைக்குக் கட்டுப்படியாகும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

ஈரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அசோலா, தண்ணீரில் மிதந்து வளரும் அந்தச் சின்னச் செடி. வாட்ஸ்அப் குழுக்களில் இதற்கு இருக்கும் புகழ் நம் நடிகர்களுக்கே கிடையாது. ஒரு தொட்டி கட்டி அசோலா வளர்த்து ஒரு கிலோ போட்டால் ஒரு கிலோ புண்ணாக்கு மிச்சம் என்று வீடியோவில் சத்தியம் செய்கிறார்கள். ஒரு கிலோ பச்சை அசோலாவைக் காய வைத்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 60 கிராம். அதில் கால் பங்கு புரதம் என்று வைத்தாலும் 15 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல் புரதம். இரண்டும் எப்படி ஒன்றாகும்? கொல்லையில் சும்மா கிடக்கும் இடத்தில் கோழிக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் வளர்த்துக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. அதை நம்பித் தீவனத்தை நிறுத்தாதீர்கள். மண்ணில்லாமல் தட்டில் முளைக்க வைக்கும் மக்காச்சோளப் பயிரும் அதே ரகம்தான். ஒரு கிலோ சோளம் ஐந்து ஆறு கிலோ பசுந்தீவனமாக ஆகிறது என்று காட்டுவார்கள். கூடியது தண்ணீர். உலர் எடையைப் பார்த்தால் முளைக்கும்போது செலவானது போக, போட்டதைவிடக் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். இதற்குக் கூடாரமும் இயந்திரமும் வாங்க இங்கே ஒவ்வொரு வெள்ளியாக (சிங்கப்பூர் டாலராக) சேர்த்ததை அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பணத்தில் பத்து சென்ட் நிலத்துக்கு ஒரு குழாய் போட்டிருக்கலாம். கம்பு நேப்பியர் கலப்புப் புல், கோ-4, கோ-5 என்று கரணை விற்கிறார்களே அதுதான், தண்ணீரும் எருவும் ஒழுங்காகக் கிடைத்தால் பத்து சென்ட்டில் ஒரு மாட்டுக்கு நாளுக்கு 40 கிலோ அளவில் வருடம் முழுக்கக் கிடைக்கும். முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம், அப்புறம் 45 நாளுக்கு ஒரு தடவை. ஒருவர் வீட்டில் "புல் இன்னும் வளரட்டும், எடை கூடும்" என்று மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு மாதிரித் தண்டு, மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்தது, இவர் இங்கிருந்து தட்டை வெட்டும் இயந்திரத்துக்குப் பணம் அனுப்பினார். 45 நாளில் அறுத்திருந்தால் அந்தச் செலவு வேண்டியிருந்திருக்காது.

புல் மட்டும் போதாது, கூடவே பயறு வகை வேண்டும். வேலிமசால், அகத்தி, சவுண்டல் (சூபாபுல்) எது கிடைத்தாலும் சரி. இந்த வகைத் தழை ஆறு முதல் எட்டு கிலோ கொடுத்தால் ஒரு கிலோ அடர்தீவனத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது கால்நடைத் துறையினர் சொல்லும் கணக்கு. சவுண்டல் என்றதும் பலருக்குச் சந்தேகம், அது மாட்டின் முடியைக் கொட்ட வைக்குமே என்று. சந்தேகம் நியாயமானது. அதில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் அதை அதிகமாகத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்துக் கழலை வந்தது. ஆனால் ஹவாயில் அதே தழையைத் தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், அந்த ஆடுகளின் வயிற்றில் இருக்கும் ஒரு நுண்ணுயிர்தான் நஞ்சை உடைக்கிறது என்று கண்டுபிடித்து, 1980-களில் அதைத் தன் நாட்டு மாடுகளுக்கு மாற்றினார். அதோடு பிரச்சினை பெருமளவு குறைந்தது, அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் ஊர் விவசாயி வயிற்று நுண்ணுயிரைத் தேடிப் போக வேண்டியதில்லை. மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் சவுண்டலை வைத்துக்கொண்டால் போதும். இங்கே சிங்கப்பூரிலும் காலி நிலங்களின் ஓரத்தில் அது தானாக முளைத்து நிற்கிறது, பேருந்தில் போகும்போது பாருங்கள், பழுப்பு நிறத்தில் தட்டையான காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தின்னத்தான் மாடு இல்லை.

அடுத்தது தாது உப்பு. எல்லாவற்றையும்விட மலிவானது இது, எல்லோரும் விட்டுவிடுவதும் இதுதான். வெயிலும் மழையும் அடித்துக் கழுவிய நம் மண்ணில் பாஸ்பரஸ் குறைவு, அதில் முளைத்த புல்லிலும் குறைவு. நேப்பியர் வகையில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துவிடும். மாடு சேலை முந்தானையைக் கடிக்கிறது, செருப்பைச் சப்புகிறது, மண்ணை நக்குகிறது என்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அது குறும்பு இல்லை. ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, கூட ஒரு கைப்பிடி சாதா உப்பு, அவ்வளவுதான். முன்பு எலும்புத் தூள் போடுவார்கள், பிரிட்டனில் மாட்டுப் பைத்திய நோய் வந்த பிறகு அதை விட்டுவிட்டார்கள், இப்போது டைகால்சியம் பாஸ்பேட் கலந்து வருகிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே தானுவாஸ் என்ற பெயரில் தயாரித்து விற்கிறது. தேக்காவில் வாட்ஸ்அப்பில் காட்டினார்களே ஒரு பொடி, அதன் விலைக்கு இதைப் பல கிலோ வாங்கலாம்.

தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கறக்கும் மாடு வெயில் காலத்தில் 60 முதல் 100 லிட்டர் குடிக்கும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி காட்டினால் பால் எங்கிருந்து வரும்? எப்போதும் நிழலில் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும். கலப்பின மாடு, அதிலும் ஃபிரீசியன் ரத்தம் அதிகம் உள்ளது, 25 டிகிரி தாண்டினாலே மூச்சு வாங்கத் தொடங்கும், தீனி குறையும். உச்சிவெயிலில் அவிழ்த்துவிட்டால் மரத்தடியில் போய் நிற்குமே தவிர மேயாது. அத்தான் விடியற்காலையிலும், பொழுது சாய்ந்து வேலி பாதுகாப்பு இருந்தால் இரவிலும் மேய விடுவார், வெயில் நேரத்தில் கொட்டகையில் வெட்டிய புல். ஊரில் இன்னும் பத்து மணிக்கு அவிழ்த்து நாலு மணிக்குப் பிடித்துக் கட்டுகிறார்கள். மேய்ப்பவரின் வசதிக்கு ஏற்ற நேரம் அது.

வைக்கோலைத் தவிர வேறு வழியில்லாத கோடையில் யூரியா ஊட்டம் கொடுப்பது நல்ல முறை, ஆனால் அரைகுறையாகக் கேட்டுச் செய்யாதீர்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள் வைத்திருந்து, எடுத்த பிறகு சிறிது நேரம் காற்றாட விட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த மிச்சத் தண்ணீரை வாளியில் விட்டுப் போனால் தாகத்தில் வரும் மாடு குடித்து அரை மணி நேரத்தில் விழுந்துவிடும்.

உடம்பில் ஏறுவது வீண் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். ஈன்ற மாடு ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சிக் கறவைக்கு வரும். அந்தச் சமயத்தில் அது எவ்வளவு தின்றாலும் பாலுக்குப் போதாது, சொந்த உடம்பைக் கரைத்துத்தான் பாலாக்கும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி மெலிந்த மாடு பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை ஊசி நிற்காது. ஈன்று மூன்று மாதத்தில் சினை பிடிக்க வேண்டிய மாடு ஏழு எட்டு மாதம் சும்மா நிற்கும், அடுத்த கன்று தள்ளிப்போகும், கடைசியில் ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் கறந்துகொண்டு தீனி மட்டும் தின்னும். நம் ஆட்களின் உண்மையான நஷ்டம் இங்கேதான். தினசரி பாலில் ஒரு லிட்டர் கூடியதா என்று பார்க்கிறவர்கள், வருடத்தில் எத்தனை மாதம் மாடு வறண்டு நின்றது என்று கணக்குப் பார்ப்பதில்லை. அதனால் கையில் இருக்கும் தீவனப் பணம் கொஞ்சம்தான் என்றால் அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். சினையின் கடைசி இரண்டு மாதமும் ஈன்ற முதல் நூறு நாளும் தாராளமாகக் கொடுங்கள், மீண்டும் சினை உறுதியான பிறகு பால் அளவைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாட்டுக்கும் ஒரே படி அளந்து போடும் பழக்கம் பண்ணையிலும் இருக்கிறது, அதுவும் இதே தவறுதான்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: தரகர் "சுத்த எச்எஃப் மாதிரி, முக்கால் ரத்தம்" (எச்எஃப் என்றால் ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) என்று ஆசை காட்டினால் தயங்குங்கள். அந்நிய ரத்தம் ஏற ஏற மாட்டின் பசியும் ஏறும், வெயில் தாங்கும் சக்தி குறையும். மேய்ச்சலும் பத்து சென்ட் புல்லும் உள்ள வீட்டுக்கு அரைக்கு அரை கலந்த மாடு போதும். பன்னிரண்டு லிட்டர் மாட்டை வாங்கி ஆறு லிட்டர் தீனி போடுவதைவிட, எட்டு லிட்டர் மாட்டுக்கு எட்டு லிட்டர் தீனி போடுவது நல்லது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இதழ் தங்குவிடுதிகளில் பலர் கைமாறிப் படிக்கும் இதழ். வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று நாள்தோறும் போடுகிறீர்கள், அந்த ரூபாய் ஊரில் போய்ச் சேரும் தொழில்களைப் பற்றியும் விவரம் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு மாதம் ஒருமுறை எழுத வைக்க முடியுமா என்று பாருங்கள். அதுவரை, வீட்டுக்குப் போன் போடும் தம்பிகள் "எத்தனை லிட்டர்" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாமல், ஈன்று எத்தனை நாள் ஆச்சு, புல் அறுத்து எத்தனை நாள் ஆச்சு, தாது உப்பு தீர்ந்துபோச்சா, சினை ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். மாட்டை வீடியோவில் காட்டச் சொன்னால் மடியைக் காட்டுவார்கள், பின்பக்கம் போய் இடுப்பையும் கீழே கிடக்கும் சாணியையும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகர்